எல்லை தாண்டி நிற்பது: பால்புதுமையினர் உரிமைப் பணிக்குப் புதிதாக வருபவருக்கு

பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர், ஊடுபாலினர் போன்றோரின் உரிமைக்கான பணிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: சொந்த நாட்டிலேயே செய்ய வேண்டியது மலையளவு கிடக்கும்போது, பக்கத்து நாடுகளையும் சேர்த்து ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

காரணம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1860இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, எண்கூட மாறாமல் மியான்மர், மலேசியா, சிங்கப்பூர் வரை போனது. பாகிஸ்தானுக்கும் வங்கதேசத்துக்கும் அது பிறப்பிலேயே வந்தது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் சட்டத்தில் 365ஆம் பிரிவாக உட்கார்ந்தது. கரீபியன் தீவுகளுக்கும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் இதன் உறவுக்காரச் சட்டங்கள் போயின. ஒரே அச்சில் வார்த்த சட்டங்கள் என்பதால், ஓரிடத்தில் வந்த தீர்ப்பு இன்னோரிடத்தில் வாதமாகிறது. பாலினச் சிறுபான்மையினர் உரிமை பற்றி நேபாள உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னதை, திருநர் உரிமை குறித்த 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றம் எடுத்துப் பேசியது. 2018இல் 377ஐப் பற்றி அதே நீதிமன்றம் தீர்ப்பு எழுதியபோது பெலீஸ், டிரினிடாட் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் அதன் மேசைமேல் இருந்தன. அடுத்த ஆண்டு போட்ஸ்வானா உயர் நீதிமன்றம் இந்தியத் தீர்ப்பை எடுத்துக்கொண்டது.

வெறுப்பும் அதே வழியில் பயணிக்கிறது. தன்பாலீர்ப்பைப் பற்றிச் சிறுவர்களிடம் பேசுவதைத் தடுப்பதாகச் சொல்லி ரஷ்யா 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஹங்கேரி 2021இலும், பல்கேரியாவும் ஜார்ஜியாவும் 2024இலும் அதே போக்கில் சட்டம் இயற்றின. எதிர்ப்பவர்கள் வரைவுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள், ஒருவர் மேடையில் இன்னொருவர் பேசுகிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாக நின்று இதை எதிர்கொள்வது கடினம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

முதல் படி: கேட்கப் பழகுங்கள், சொற்களிலிருந்து

ஒரு பிராந்தியத்தில் வேலை செய்ய வந்தவர் செய்யும் முதல் தவறு, தான் கற்றுவந்த எழுத்துச் சுருக்கத்தை எல்லோர்மேலும் ஒட்டுவது. எல்ஜிபிடிஐக்யூ என்ற சொல் ஐநா அவையில் உதவும். ஒரு சிற்றூரில் போலீஸ் நிலையத்துக்கு வெளியே அழுதுகொண்டிருப்பவருக்கு அது தன் பெயராகத் தோன்றாமல் போகலாம். தெற்காசியாவில் ஹிஜ்ரா, பாகிஸ்தானில் குவாஜா சிரா, நேபாளத்தில் மேட்டி, இலங்கையில் நாச்சி, இந்தோனேசியாவில் வாரியா, தமிழில் திருநங்கை, திருநம்பி. இவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு ஆகா. ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்ப அமைப்பு, ஒரு தொழில், ஒரு வரலாறு இருக்கிறது. சில சொற்களை அந்தச் சமூகத்தார் தங்களுக்குள் சொல்லலாம், வெளியாள் சொன்னால் வசவாகிவிடும். எது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நல்ல சொல் இல்லாத மொழியில் உரிமையை வாதிடுவது எவ்வளவு சிரமம் என்பதற்குத் தமிழே சாட்சி. 2021இல் தன்பாலீர்ப்புள்ள இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தமிழ்நாடு அரசு 2022இல் பாலினம், பாலீர்ப்பு தொடர்பான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ஒரு நீதிபதியே அப்படிக் கேட்டு உட்கார்ந்தார் என்றால், நாம் உட்காருவதற்கு என்ன தயக்கம்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊடுபால் உடலோடு, அதாவது ஆண், பெண் என்ற வழக்கமான வகைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறந்தவர்களின் முதன்மையான கோரிக்கை வேறு. மருத்துவத் தேவை இல்லாமல் குழந்தையின் உடலில் கத்தி வைக்காதீர்கள் என்பதே அது. மால்டா 2015இல் இதைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2019இல் மதுரைக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று அரசாணை வந்தது. பெயரில் மட்டும் அவர்களைச் சேர்த்துக்கொண்டு, கோரிக்கைப் பட்டியலில் இதை விட்டுவிடுகிற கூட்டமைப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அப்படி ஆகவேண்டாம்.

இரண்டாம் படி: நாடுவாரியாக ஓர் அட்டவணை போடுங்கள்

ஒரு பெரிய தாள் எடுத்து, பிராந்தியத்தின் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரிசை போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் எழுத வேண்டியவை இவை.

தன்பாலுறவு குற்றமா, எந்தப் பிரிவின்கீழ், யாருக்கு? இந்த "யாருக்கு" முக்கியம். இலங்கையின் 365ஏ பிரிவு முதலில் ஆண்களை மட்டும் குறித்தது. 1995இல் திருத்தம் வந்தபோது "ஆண்" என்ற சொல் போய் "நபர்" என்ற சொல் வந்தது. பிரிவு ஒழிவதற்குப் பதிலாகப் பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். பழைய சட்டத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கும் எவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டிய நிகழ்வு இது. நீங்கள் கேட்பது ஒன்று, வரைவில் வருவது இன்னொன்றாக இருக்கலாம். கடைசி வாசிப்பு வரை ஒருவர் வரைவோடு கூடவே இருக்க வேண்டும்.

அப்புறம், போலீஸ் உண்மையில் எந்தச் சட்டத்தைப் பயன்படுத்துகிறது? பெரும்பாலும் 377 மாதிரியான பிரிவில் வழக்கு நிற்காது, சாட்சி கிடைக்காது. பொது இடத்தில் தொந்தரவு, அலைந்து திரிதல், ஆள்மாறாட்டம் போன்ற சின்னப் பிரிவுகளில்தான் அன்றாடக் கைதுகள் நடக்கும். கயானாவில் 1893ஆம் ஆண்டின் ஒரு சட்டம், "முறையற்ற நோக்கத்தோடு" எதிர்ப்பாலினரின் உடை அணிவதைக் குற்றமாக்கியிருந்தது. 2009இல் அதன்கீழ் திருநங்கைகள் கைதானார்கள். அவர்கள் விடாமல் போராடி, 2018இல் கரீபியன் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. பெரிய பிரிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மாதிரிச் சின்னச் சட்டங்கள் கண்ணில் படா.

பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்ற முடியுமா, அதற்கு என்ன நிபந்தனை? அர்ஜென்டினா 2012இல், மருத்துவச் சான்றோ அறுவை சிகிச்சையோ இல்லாமல் சொந்த அறிவிப்பே போதும் என்று சட்டம் செய்தது. பல நாடுகளில் இன்றும் மருத்துவக் குழு முன் நிற்க வேண்டும். சில இடங்களில் வழியே இல்லை.

அமைப்பாகப் பதிவு செய்ய முடியுமா, வெளிநாட்டு நிதி பெற முடியுமா? கென்யாவில் ஓர் அமைப்பு பதிவு மறுக்கப்பட்டு ஏறத்தாழ பத்து ஆண்டு வழக்கு நடத்தி, 2023இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. தன்பாலுறவைக் குற்றமாக்கும் பிரிவுகளோ அங்கே அப்படியே இருக்கின்றன. ஒரே நாட்டில் ஒரு கதவு திறந்தும் இன்னொன்று மூடியும் இருக்கலாம் என்பதால்தான் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறேன்.

கடைசியாக, வேலை, வாடகை வீடு, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஏதாவது இருக்கிறதா என்பது.

ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் தேதி போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 377ஆம் பிரிவு விஷயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தந்ததை உச்ச நீதிமன்றம் 2013இல் பறித்து, 2018இல் திருப்பித் தந்தது. டிரினிடாடில் 2018இல் கிடைத்த வெற்றியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025இல் புரட்டிப் போட்டது. பாகிஸ்தானின் 2018ஆம் ஆண்டுத் திருநர் சட்டம் உலகமே பாராட்டிய சட்டம். 2023இல் அதன் முக்கியமான பிரிவுகளை அந்நாட்டின் ஷரியத் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆறு மாதம் பழைய தகவலை நம்பி ஒருவரை ஒரு நாட்டுக்கு அனுப்பிவிட்டால் விளைவை அனுபவிப்பது அவர்தான்.

அட்டவணையின் இன்னொரு பக்கத்தில், சட்டம் எப்படி இருந்தாலும் தெருவில் நடப்பது என்ன என்று எழுதுங்கள். இதைப் புத்தகத்திலிருந்து எழுத முடியாது. அந்தந்த நாட்டில் இரண்டு மூன்று பேரிடமாவது பேசித்தான் எழுத வேண்டும். அவர்களில் ஒருவராவது தலைநகருக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.

மூன்றாம் படி: பாதுகாப்பு

மற்ற எல்லாப் படிகளையும் மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

2010 அக்டோபரில் உகாண்டாவில் ஒரு பத்திரிகை, தன்பாலீர்ப்பாளர்கள் என்று சொல்லிப் பலருடைய படங்களையும் முகவரிகளையும் அச்சிட்டு, அவர்களைத் தூக்கிலிடச் சொன்னது. அதில் ஒருவர் டேவிட் கடோ. அவரும் வேறு இருவரும் நீதிமன்றத்துக்குப் போய் வென்றார்கள். வென்ற சில வாரங்களில், 2011 ஜனவரியில், அவர் வீட்டிலேயே கொல்லப்பட்டார். வங்கதேசத்தில் பால்புதுமையினருக்கென முதல் இதழைத் தொடங்கிய சுல்ஹாஸ் மன்னானும் அவருடைய நண்பர் மஹ்பூப் ரப்பி தனாயும் 2016 ஏப்ரல் 25 அன்று டாக்காவில் வீட்டுக்குள் புகுந்த கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பலர் நாட்டை விட்டுப் போனார்கள். பெயர் வெளியே போவது என்பது சில இடங்களில் உயிர் போவது.

எங்கள் பயிற்சி ஒன்றின் கடைசி நாளில் குழுவாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஒரு தோழர் அன்போடு அதைப் பேஸ்புக்கில் போட்டார். அவருடைய நாட்டில் அது ஒரு விஷயமே இல்லை. பின்வரிசையில் நின்ற இன்னொரு நாட்டுப் பெண்ணின் அண்ணன் கண்ணில் அது பட்டது. அந்தப் பெண் ஊருக்குத் திரும்பும் முன்பே வீட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது. அவரால் அந்த வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. படம் போட்டவர் மீது எனக்குக் கோபமில்லை. முதல் நாளே இதைப் பேசி முடிவு செய்யாத எங்கள் மீதுதான் பிழை. அதன் பிறகு எந்தக் கூட்டத்திலும் பங்கேற்பவர்களுக்குக் கழுத்துப் பட்டையில் இரண்டு நிறம் தருகிறோம்: ஒன்று படம் எடுக்கலாம், இன்னொன்று எடுக்கவே கூடாது. படம் எடுப்பவரும் ஒருவர்தான். வெளியிடும் முன் படத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

கைபேசியிலிருந்து தொடங்குங்கள். உரையாடலுக்குச் சிக்னல் போன்ற முழு மறையாக்கம் உள்ள செயலி, தானாக அழியும் செய்தி அமைப்போடு. திரையில் செய்தி தெரியாதபடி அறிவிப்பை அணைத்து வையுங்கள். எல்லை கடக்கும்போது விரல் ரேகையை நம்பாமல் நீளமான கடவுச்சொல் வையுங்கள். விரலைப் பிடித்து வைக்க ஒரு நொடி போதும். முடிந்தால் பயணத்துக்கென ஒரு வெற்றுக் கைபேசி. டேட்டிங் செயலிகளில் போலி ஆளாக வந்து பேசி, வரவழைத்துக் கைது செய்வது எகிப்தில் போலீசின் வழக்கமாகவே இருந்திருக்கிறது. கைபேசியில் இருந்த உரையாடலும் படமும் நீதிமன்றத்தில் சாட்சியாக வந்தன.

பங்கேற்பாளர் பட்டியல், பயணச்சீட்டு விவரம், கடவுச்சீட்டு நகல் ஆகியவை எங்கே, யார் கையில், எத்தனை நாள் இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் எந்தக் கூட்டத்தையும் கூட்டாதீர்கள். ஹோட்டலுக்குக் கொடுக்கும் நிகழ்ச்சிப் பெயர் பொதுவாக இருக்கட்டும். வரவேற்பு மேசையில் பதாகை வைக்க வேண்டாம். நிதி தருபவர் படம் கேட்டால், "பாதுகாப்புக் காரணத்தால் இயலாது" என்று எழுதுங்கள். நல்ல நிதியாளர் புரிந்துகொள்வார். திருநர்களின் முகமும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் பொருந்தாதபோது விமான நிலையத்தில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்பதைப் புறப்படுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கைதானால் கூப்பிட வேண்டிய வழக்கறிஞரின் எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கச் சொல்லுங்கள்; கைபேசியைத்தான் முதலில் பிடுங்குவார்கள். அவசர உதவிக்கென உலக அளவில் சில அமைப்புகள் உண்டு. டப்ளினிலிருந்து இயங்கும் ஃப்ரண்ட் லைன் டிஃபெண்டர்ஸ், ஆபத்தில் இருக்கும் உரிமைச் செயல்பாட்டாளர்களுக்குப் பாதுகாப்பு நிதி தருகிறது. டொரன்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரெயின்போ ரெயில்ரோடு, தப்பியோட வேண்டியவர்களுக்கு உதவுகிறது. விண்ணப்பிப்பது எப்படி என்று ஆபத்து வருவதற்கு முன்பே படித்து வையுங்கள். அகதிகளாக வெளியேறுகிறவர்கள் பலரும் முதலில் போவது பக்கத்து நாட்டுக்குத்தான், அங்கேயும் அதே சட்டம் இருக்கும். உகாண்டாவிலிருந்து கென்யாவின் ககுமா முகாமுக்கு வந்தவர்கள் அங்கேயும் அடி வாங்கினார்கள். எனவே அட்டவணையில் "அடைக்கலம்" என்று ஒரு கட்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த நாட்டிலிருந்து ஓட வேண்டியவர் உண்மையில் எங்கே போக முடியும்?

நான்காம் படி: நடந்ததைப் பதிவு செய்தல்

யாருக்கு, என்ன, எப்போது, எங்கே, யாரால் நடந்தது, அதற்குப் பிறகு யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "தாக்கப்பட்டார்" என்று சுருக்கிவிடாதீர்கள். லத்தியால் முட்டியில் அடித்தார்கள் என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். அவர் பெயர் ஒரு கோப்பில், நடந்த நிகழ்வு இன்னொரு கோப்பில், இரண்டையும் சேர்க்கும் குறியெண் மூன்றாம் இடத்தில் இருக்கட்டும்.

சம்மதம் என்பது ஒரே ஒரு கையெழுத்து ஆகாது. எங்கள் பதிவில் வைக்கலாமா, அறிக்கையில் பெயரில்லாமல் சேர்க்கலாமா, ஐநாவுக்கு அனுப்பலாமா, பத்திரிகையாளரிடம் பேச விருப்பமா என்று நான்கும் தனித்தனிக் கேள்விகள். பின்னால் மனம் மாறினால் விலகலாம் என்பதையும் சொல்லுங்கள். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். கதை பாதியில் நின்றாலும் பரவாயில்லை. தண்ணீர் கொடுங்கள், இன்றிரவு எங்கே தூங்கப்போகிறார் என்று கேளுங்கள். அறிக்கை நாளை எழுதிக்கொள்ளலாம்.

வன்முறை செய்வது போலீஸ் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் அடைத்து வைப்பது, கட்டாயத் திருமணம், "மாற்றுகிறேன்" என்று மருத்துவரோ சாமியாரோ செய்யும் சித்திரவதை ஆகியவை பெண்கள்மீதும் திருநம்பிகள்மீதும் அதிகம் நடக்கின்றன. அவை போலீஸ் பதிவேட்டில் வருவதே இல்லை. நீங்கள் கேட்காவிட்டால் எங்கேயும் வராது.

ஐந்தாம் படி: எங்கே கொண்டுபோவது

பிராந்தியத்துக்குப் பிராந்தியம் கதவுகள் வேறு.

ஐரோப்பாவில் மனித உரிமை நீதிமன்றம் 1981இல் வட அயர்லாந்து வழக்கில் தன்பாலுறவைக் குற்றமாக்குவது தவறு என்றது. 1988இல் அயர்லாந்து, 1993இல் சைப்ரஸ் என்று ஒரே வாதம் நாடு நாடாக நகர்ந்தது. அமெரிக்கக் கண்டத்தில், தாய் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகப் பிள்ளைகளைப் பிரித்த சிலி அரசைப் பிராந்திய நீதிமன்றம் 2012இல் கண்டித்தது. பின்னர் கோஸ்டா ரிகா கேட்ட ஆலோசனைக்கு அதே நீதிமன்றம் தந்த கருத்து 2018 ஜனவரியில் வெளியானது. தன்பாலினத் தம்பதியருக்கும் சமமான திருமண உரிமை வேண்டும் என்றது அது. 2019இல் ஈக்வடார் நீதிமன்றம் அதைச் சுட்டியே திருமணத்தை அனுமதித்தது. கோஸ்டா ரிகாவில் 2020 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. கேட்டது ஒரு நாடு, பலன் இன்னொரு நாட்டில் முதலில் வந்தது. எல்லை தாண்டி வேலை செய்வதன் அழகு இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஆப்பிரிக்காவில் மனித உரிமை ஆணையம் 2014இல், பாலீர்ப்பின் பெயரால் நடக்கும் வன்முறையைக் கண்டிக்கும் 275ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆணையம் 2015இல் ஆப்பிரிக்கப் பெண் தன்பாலீர்ப்பாளர் கூட்டமைப்புக்குப் பார்வையாளர் தகுதி கொடுத்துவிட்டு, அரசுகளின் அழுத்தத்தால் 2018இல் திரும்பப் பெற்றது. தீர்மானம் கையில் இருக்கிறது, இருக்கை இல்லை. இருக்கும் தீர்மானத்தைப் பயன்படுத்திக்கொண்டே அவர்கள் வேலையைத் தொடர்கிறார்கள்.

தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் அமைப்பு 2012இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில் பாலீர்ப்பும் பாலின அடையாளமும் இடம்பெறவில்லை. தனிநபர் முறையீட்டைத் தீர்க்கும் நீதிமன்றமும் அங்கே இல்லை. தெற்காசியாவில் சார்க்குக்கு மனித உரிமை அமைப்பே கிடையாது. இப்படிப்பட்ட பிராந்தியங்களில் ஐநாதான் பொதுவான மேடை.

அங்கே மூன்று வழிகள் உங்களுக்கு உடனே பயன்படும். முதலாவது, மனித உரிமை உடன்படிக்கைகளை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் ஐநா குழுக்களிடம் முறையீடு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலச் சட்டத்தை எதிர்த்து ஒருவர் கொடுத்த முறையீட்டில் 1994இல் மனித உரிமைக் குழு தந்த முடிவு இன்றும் எல்லா வழக்கிலும் பேசப்படுகிறது. 2022இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைக் கவனிக்கும் குழு, இலங்கைச் செயல்பாட்டாளர் ரோசானா ஃபிளாமர் கல்டேராவின் முறையீட்டை ஏற்று, பெண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்குவது உடன்படிக்கையை மீறுவதாகச் சொன்னது. தனிநபர் முறையீட்டை அனுமதிக்கும் விருப்ப நெறிமுறையில் இலங்கை சேர்ந்திருந்ததால் அந்த வழி திறந்திருந்தது. இந்தியா அதில் சேரவில்லை, அதனால் இந்தியாவிலிருந்து அந்தக் குழுவுக்குத் தனிநபர் முறையீடு கொண்டுபோக முடியாது. உங்கள் அட்டவணையில் இதையும் நாடுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக, உள்நாட்டு நீதிமன்ற வழிகளை முயன்று முடித்த பிறகே இங்கே வர முடியும்.

இரண்டாவது, ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் ஏறத்தாழ நான்கரை ஆண்டுக்கு ஒருமுறை மற்ற நாடுகள் சேர்ந்து பரிசீலிக்கும் நடைமுறை. 2008இல் தொடங்கியது. ஓர் அமைப்பு தனியாகக் கொடுக்கும் அறிக்கை 2,815 சொற்களைத் தாண்டக்கூடாது, பல அமைப்புகள் சேர்ந்து கொடுத்தால் 5,630 வரை போகலாம். பிராந்திய வலையமைப்பின் பலம் இங்கேதான் தெரியும். பரிந்துரை சொல்வது அரசுகள். தொலைவிலுள்ள பணக்கார நாடு சொன்னால் "வெளிநாட்டுத் தலையீடு" என்று தள்ளிவிடுவார்கள். பக்கத்து நாடு சொன்னால் அப்படித் தள்ளுவது கடினம். எனவே உங்கள் தோழமை அமைப்புகள் அந்தந்தத் தலைநகரில் தங்கள் வெளியுறவு அமைச்சகத்தைப் போய்ப் பார்க்கட்டும். ஒரு பக்கத் தாளில் இரண்டே கோரிக்கை, எளிய மொழியில்.

மூன்றாவது, பாலீர்ப்பு, பாலின அடையாளம் தொடர்பான வன்முறையை ஆராய 2016இல் ஐநா ஏற்படுத்திய தனி நிபுணர். வாக்கெடுப்பில் ஆதரவு 23, எதிர்ப்பு 18, நடுநிலை 6. அவ்வளவு நூலிழையில் பிறந்த பதவி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அவருக்கு எழுத வழக்கறிஞர் வேண்டாம், உள்நாட்டு வழக்கு முடிந்திருக்கவும் வேண்டாம்.

ஆறாம் படி: கூட்டாக இயங்குவதற்கு ஓர் ஒப்பந்தம்

ஒரே ஒரு விதியை மட்டும் எழுதி வைக்க முடியும் என்றால் இதை எழுதுங்கள்: ஒரு நாட்டைப் பற்றிய எந்த அறிக்கையும், அந்த நாட்டில் இருப்பவர்கள் சரி சொல்லாமல் வெளியே போகாது. வெளியிலிருந்து வரும் கண்டனம் சில வேளை காப்பாற்றும், சில வேளை சிறையில் இருப்பவரின் ஜாமீனைக் கெடுக்கும். எது எப்போது என்று அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அவர்கள் "இப்போது வேண்டாம், அமைதியாக இருங்கள்" என்றால், உங்கள் உள்ளம் கொதித்தாலும் அமைதியாக இருக்க வேண்டும். எனக்கு இதுதான் மிகவும் கடினமாக இருந்தது.

பணத்தைப் பற்றியும் முன்பே பேசிவிடுங்கள். பெரிய நாட்டின் பெரிய அமைப்பு நிதியைப் பெற்று, சின்ன நாட்டுக் குழுவுக்குப் பயிற்சி மட்டும் தருவது நியாயமில்லை. அவர்களுக்கும் வாடகை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. வெளிநாட்டு நிதிக்குக் கட்டுப்பாடு உள்ள நாட்டில் யாருடைய சொந்த வங்கிக் கணக்குக்கும் பணம் அனுப்பாதீர்கள். பின்னால் அதுவே அவர்மேல் வழக்காகும். கூட்டங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலம் பேசுபவர்களே எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள்.

நன்றாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிழக்குக் கரீபியனில் சின்னச் சின்னத் தீவு நாடுகளின் அமைப்புகள் ஒரு கூட்டணியாகச் சேர்ந்து, வழக்குகளை ஒருங்கிணைத்துத் தயாரித்தன. வாதங்கள் பொது, மனுதாரர் அந்தந்தத் தீவுக்காரர். 2022இல் ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படாஸ் நீதிமன்றங்கள் பழைய சட்டங்களை நீக்கின. 2024இல் டொமினிக்காவில் தனியாக நடந்த வழக்கும் வென்றது. அதே ஆண்டில் செயின்ட் வின்சென்டில் தோற்றார்கள். 2025இல் செயின்ட் லூசியாவில் மறுபடி வெற்றி. ஒரு தீவில் தோற்றது அடுத்த தீவின் வாதத்தைத் தடுக்கவில்லை.

ஏழாம் படி: துணைக்கு யார்

பெண்கள் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், எச்ஐவி பணியாளர்கள், சாதி இன ஒடுக்குமுறைக்கு எதிரான இயக்கங்கள், மனம் திறந்த மதத் தலைவர்கள், பெற்றோர்கள். பெற்றோர் ஒருவர் பேசுவதற்கு இருக்கும் வலிமை எந்த அறிக்கைக்கும் இல்லை. துணை கேட்கப் போகும்போது அவர்களுடைய போராட்டத்துக்கும் நீங்கள் போய் நின்றிருக்க வேண்டும்.

எட்டாம் படி: தீர்ப்பு வந்த பிறகு

வெற்றி வந்த அன்றே அடுத்த வேலை தொடங்குகிறது. தீர்ப்பைத் தாய்மொழியில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, போலீஸ் நிலையங்களுக்கும் பதிவு அலுவலகங்களுக்கும் கொண்டுபோக வேண்டும். மேலே சொன்ன சென்னை வழக்கின் விளைவாக, இந்தச் சமூகத்தாரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு போலீசாரின் நடத்தை விதியிலேயே 2022இல் ஒரு விதி சேர்ந்தது. தீர்ப்பு விதியாக இறங்கினால்தான் காவலரிடம் அதைக் காட்ட முடியும். வெற்றியை அடுத்த சில வாரங்களில் எதிர்வினை வரும், தாக்குதல் கூடும். மூன்றாம் படியில் சொன்ன ஏற்பாடுகளைத் தீர்ப்பு நாளுக்கு முன்பே ஒருமுறை சரிபாருங்கள்.

உங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அடிபட்டவர்களின் கதைகளைத் தினமும் கேட்பவருக்குத் தூக்கம் கெடும். வாரத்தில் ஒரு நாள் அவசர எண்ணை இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். இரண்டு பேராவது மாறி மாறிப் பார்க்க முடியாத அவசர எண்ணைத் தொடங்கவே வேண்டாம்.

முதல் மாதத்தில் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: கைபேசியைப் பாதுகாப்பாக்குங்கள், மூன்று நாடுகளுக்கு மட்டும் அட்டவணை போடுங்கள், அந்த மூன்று நாட்டிலும் ஏற்கெனவே வேலை செய்பவர்கள் யார் என்று கண்டுபிடித்து, நம்பகமான ஒருவர் வழியாக அறிமுகம் கேளுங்கள். முதல் உரையாடலில் திட்டம் எதுவும் முன்வைக்க வேண்டாம். "இப்போது உங்களுக்கு எது அவசரம்?" என்று கேளுங்கள். ஒருவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்பார், இன்னொருவர் இரண்டு மாத வாடகை என்பார், வேறொருவர் ஐநா அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்வார். அதில் எது உங்களால் முடியுமோ அதைச் சொன்ன தேதிக்குள் செய்து கொடுங்கள். அடுத்த அழைப்பு அவர்களிடமிருந்து வரும்.